அரை மூடி மருந்து

மார்ச் 4

நடிகன் இன்றைக்கும் செத்துப்போனான். காலையில் தொட்டி மூலையில் ஒருக்களித்துக் கிடந்தான். கண்ணாடியைத் தட்டினேன். எழுந்து மீசையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். இந்த லோச் மீன் பக்கவாட்டில் படுத்துத்தான் தூங்குமாம், மீன்கடைக்காரர் சொன்னார். அது தெரியாமல், வாங்கிய புதிதில் கரண்டியில் அள்ளி வெளியே எறியப் போனேன். துள்ளி என் சட்டைக்குள் விழுந்தான். கட்டிலில் இருந்த கிழவி சிரித்துவிட்டாள். பக்கவாதம் வந்த பிறகு என் பெண்டாட்டி சிரித்தது அன்றைக்குத்தான். பாதி முகம்தான் சிரித்தது. எனக்கு அது போதும்.

அதிலிருந்து அவள் கட்டில் தொட்டியைப் பார்த்துத்தான் கிடக்கிறது. மூன்று மீன். ஆரஞ்சு உடம்பு, கறுப்புப் பட்டை. நடிகன், மாமியார், வால். அதென்ன மாமியார் என்று மருமகள் கேட்டாள். "யாரையும் ஒரு மூலையில நிம்மதியா இருக்க விடாதும்மா" என்றேன். கட்டிலில் இருந்து ஒரு முறைப்பு வந்தது.

மார்ச் 9

வால் கல்லில் உடம்பை உரசிக்கொண்டே இருக்கிறான். என்ன அரிப்போ.

மார்ச் 10

வாலுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, உப்புத் தூவினது போல. மாமியாருக்குத் துடுப்பில் நாலைந்து. "பவுடர் போட்டுக்கிட்டு எங்கயோ கிளம்புறாங்க" என்று கிழவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நோய்" என்றாள். ஒரு சொல் வாயில் வர அவள் என்ன பாடு படுகிறாள். அதுவும் இந்தச் சொல்லா வரணும்?

மார்ச் 11

மீன்கடைக்காரர் சின்ன பாட்டிலில் நீல மருந்து கொடுத்தார்.

"மத்த மீனுக்கு ஒரு மூடி. இதுக்குச் செதிலே இல்லாத மாதிரி பெரியவரே, மருந்து நேரா உடம்புல ஏறிடும். ஒரு நாளைக்கு அரை மூடி. மேல ஒரு சொட்டு கூடாது. தண்ணி வெதுவெதுன்னு இருக்கட்டும். காத்து மோட்டாரை நிறுத்தாதீங்க."

"மூணும் பொழைக்குமா?"

"சீக்கிரமே பாத்துட்டீங்க. பொழைக்கும்."

அரை மூடி என்று பெரிசாக எழுதி பாட்டிலில் ஒட்டினேன். என் எழுத்து வழக்கம்போல குடித்துவிட்டு நடக்கிறது.

மார்ச் 12

காலையில் அரை மூடி ஊற்றினேன். வேலை முடிந்து வந்ததும் மருமகள் கேட்டாள், "மீனுக்கு மருந்து ஊத்தினீங்களா மாமா?"

"அடடா, நான் குடிச்சிட்டேனே. இனிப்பா இருந்துச்சு."

"உங்ககிட்ட ஒரு நேரான பதில் வாங்க முடியாதா?"

கிழவியின் மாத்திரைக்கும் இதே கதைதான். கொடுத்தீங்களா என்பாள், காக்காய்க்குப் போட்டேன் என்பேன். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

மார்ச் 13

இன்றைக்கும் கேட்டாள். "மறந்தே போச்சும்மா" என்று மூஞ்சியைத் தொங்கப்போட்டேன். நடிகன் தோற்றான் போங்கள்.

மார்ச் 14

மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அடியிலேயே கிடக்கிற மீன் மேலே ஏன் வருது? மருந்து சரியாத்தானே ஊத்துறேன்?

மதியம் வால் போய்விட்டான். கிழவி தூங்கும்போது எடுத்தேன். விழித்ததும் நல்ல கையை நீட்டி விரலால் எண்ணினாள். "கட்டைக்கு அடியில ஒளிஞ்சிருக்கான்" என்றேன்.

மார்ச் 15

மாமியாரும்.

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. நான் ஊற்றினது அவ்வளவு இல்லையே? மருமகளைக் கூப்பிட்டேன். பாட்டிலைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"தினமும் சாயங்காலம் நானும் ஊத்தினேன் மாமா. அரை மூடிதான். குடிச்சிட்டேங்கறீங்க, மறந்துட்டேங்கறீங்க, எதை நான் நம்புறது? அட்டைன்னா எண்ணிப் பாக்கலாம். இதை எப்படிப் பாக்குறது? அத்தை அதுங்களைத்தானே பாத்துக்கிட்டுக் கெடக்காங்க..."

"நான் என்னிக்கும்மா நேரா பேசியிருக்கேன்?" என்று சிரிக்கப் பார்த்தேன். வரலை. அவள் அழுதாள். அவ எதுக்கு அழணும்? காலையில அரை, சாயங்காலம் அரை. நடுவுல என் வாய்.

இரண்டு பேருமாக வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம்.

மார்ச் 16

மீன்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "தண்ணி மாத்திட்டீங்கல்ல? இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்றார். புதுசாக இரண்டு தரட்டுமா என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 17

நடிகன் உடம்பில் புள்ளி குறைந்திருக்கிறது. இரையைத் தொடவில்லை.

மார்ச் 18

நான் எழுந்து வரும்போதே கிழவி விழித்திருந்தாள். மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடிகன் ஒருக்களித்துக் கிடந்தான். மீசை ஆடலை. கறுப்புப் பட்டை சாம்பலாகியிருந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். இன்னொரு தரம் தட்டினேன்.

"நடிக்கிறான் பாரு, திருட்டுப் பய."

அவள் வாய் கோணிக் கோணி, என்னமோ வெளியே வரப் பார்த்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நீங்க... நடிக்காதீங்க" என்றாள்.

அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 23

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பட்டுமா என்று கேட்டேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காக்காய் கதை, பவுடர் கதை எதுவும் என் வாயில் வரமாட்டேன் என்கிறது.

மருமகள் வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்தைக்கு மாத்திரை குடுத்தீங்களா மாமா?" என்றாள்.

"குடுத்துட்டேம்மா. சாப்பிட்டதும் குடுத்தேன். வெள்ளை ஒண்ணு."

என் முகத்தைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அட்டையை எடுத்து எண்ணினாள்.

எண்ணட்டும்.