ஐந்தாம் தலைமுறை நாடா

2025 பெப்ரவரி 11

எங்கள் ஸ்கான் நிலையத்தில் கூட்டம். சேர்வர் நிரம்பிவிட்டது; நோயாளிகளின் பழைய படங்களைக் காந்த நாடாவில் ஏற்றி வைக்க வேண்டும். நாடாவில் எழுதி வாசிக்கிற எல்.ரீ.ஓ. ட்ரைவில் புதிதாக எட்டாம் தலைமுறை ஒன்று வாங்குவோம் என்றேன். தலைவர் நமசிவாயத்தின் மருமகன் ரொறன்ரோவிலிருந்து பழைய ஐந்தாம் தலைமுறை ட்ரைவ் ஒன்று அனுப்புகிறாராம். அவருடைய கம்பனி கழித்துப் போட்டது.

"சும்மா வாறதை ஏன் பிள்ளை வேண்டாம் எண்டுறீர்?"

அது பழுதானால், அந்த நாடாவைப் புது ட்ரைவ் எதுவும் வாசிக்காது என்றேன்.

"உதெல்லாம் பிறகு பாப்பம்."

மனிசனுக்குக் காது இருப்பது கண்ணாடி கொழுவ மட்டும்.

மார்ச் 6

திறப்பு விழா! ட்ரைவுக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரப் புகை. தலைவர் தட்டில் மிஞ்சிய திருநீற்றை அள்ளி, நாடா செருகும் வாய்க்கு மேலேயே தூவினார்.

"ஐயா, தூள் உள்ளை போனா நாடாவை வாசிக்கிற ஹெட் பழுதாப் போம்."

"நல்ல நேரத்திலை அபசகுனமாக் கதையாதையும்."

எல்லாரும் கை தட்டினார்கள். மடையர்கள்.

மார்ச் 7

ஊதி ஊதித் துடைத்தேன். உள்ளே போனது போனதுதான்.

ஏப்ரல் 2

படங்கள் ஏறிவிட்டன. இரண்டாம் பிரதிக்கு நாடா கேட்டேன்; தலைவர் தரவில்லை. சேர்வரில் இருப்பதை அழிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். என் கதிரையில் வந்திருந்து அவரே அழித்தார்.

ஜூலை 18

ட்ரைவ் படுத்துவிட்டது. கொழும்பில் திருத்துகிறவர் திறந்து, உள்ளே கிடந்த சாம்பல் தூளைப் பார்த்துவிட்டு, "அடுப்படியிலையா மிஸ் வைச்சிருந்தனீங்கள்?" என்றார். பாகம் கிடையாதாம்.

ஓகஸ்ட் 5

பக்கத்துக் கொழும்புத்துறை அருமைநாயகி அக்கா வந்தா. மார்பில் கட்டி. முன்பு எங்களிடம் எடுத்த படம் இருந்தால், கட்டி வளர்ந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டொக்டர். படம் நாடாவில். நாடாவை வாசிக்க இப்போது வழியில்லை. அப்படியென்றால் ஊசி குத்திச் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

அக்கா என் கையைப் பிடித்தா. "நீங்கள்தானே பிள்ளை படமெல்லாம் பாதுகாக்கிறது?"

ஓம் என்று எந்த வாயால் சொல்ல?

ஓகஸ்ட் 14

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. அக்கா அழுதுவிட்டுப் போனா. தலைவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"பாத்தீரே, ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை ஐயா. குத்தினது அவவின்ரை நெஞ்சிலை."

வேலை போனால் போகட்டும். இனி எடுக்கிற படங்களுக்காவது என்று, எட்டாம் தலைமுறை ட்ரைவுக்கு விலை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். பிறகு வந்து சேர்வரின் பாஸ்வேர்டை மாற்றினேன். அவருக்குச் சொல்லவில்லை.