டைகருக்கு ஆபரேஷன் முடிந்தது, ஸ்டெல்லா

என் அன்பு ஸ்டெல்லா,

போன மாதம் டைகருக்கு ஆபரேஷன் செய்துவிட்டேன். நீ ஏழு வருஷமாகக் கேட்டதை, நீ போய் ஒன்றரை வருஷம் கழித்துச் செய்திருக்கிறேன். நீ கேட்டதற்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. அவன் விரையில் கட்டி வந்துவிட்டது, வேறு வழியில்லாமல் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

முதல்முறை நீ கேட்டது நினைவிருக்கிறதா? டைகர் கேட்டைத் தாண்டிக் குதித்து ஏதோ ஒரு பெண் நாயின் பின்னால் போய், மூன்று நாள் கழித்துக் காது கிழிந்து வந்தான். நீ அவனை மடியில் போட்டு மருந்து வைத்துக்கொண்டே, "ஏங்க, இவனுக்கு ஆபரேஷன் பண்ணிடலாங்க. ரோட்ல வண்டியில அடிபட்டுச் சாவான்" என்றாய். அதற்கான பதிலை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நாலு பேர் முன்னால் சொன்னேன்: "காயடிச்சுட்டா அப்புறம் அது என்ன ஆம்பள நாய்?" எல்லோரும் சிரித்தார்கள். நீ புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஆட்டோ பார்க்கப் போனாய். அந்த நாலு பேரும் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைச் சபை இதழுக்குக் கொடுக்கிறேன்.

நாய் டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுலயே பண்ணியிருந்தா இந்தக் கட்டியே வந்திருக்காது சார். ஊர் சுத்துறது, சண்டை, எல்லாமே குறைஞ்சிருக்கும். ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் வொய்ஃபுக்கு மனசு வரல டாக்டர்" என்றேன். கூசாமல் சொன்னேன். இல்லாத உன்மேல் பழியைப் போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.

அந்த பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது. இந்தப் பொய்யை நான் சொல்வது இது முதல்முறை இல்லை.

நம் இரண்டாவது குழந்தை பிறந்தபோது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆண்களுக்குப் பத்து நிமிஷ வேலை, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று பிரசவ டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நாய்க்காவது விரையையே எடுக்கிறார்கள். எனக்கு ஒரு மெல்லிய குழாயை வெட்டிக் கட்டுவதோடு சரி. நான் ஆபீஸில் லீவு இல்லை என்றேன், முதுகுவலி என்றேன். நீ செய்துகொண்டாய். தையல் சீழ் பிடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாய். அம்மா வந்து கேட்டபோது, "அவதான் பிடிவாதமா பண்ணிக்கிட்டா" என்றேன். நீ சமையலறையில் இருந்தாய், காதில் விழுந்திருக்கும். ஏன் ஸ்டெல்லா, ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை? பேசியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

டைகர் நன்றாக இருக்கிறான். கட்டி பரவவில்லையாம். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான், புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் போட்ட பிளாஸ்டிக் வளையத்தோடு கதவிலெல்லாம் முட்டிக்கொண்டான். பத்து நாளில் புண் ஆறிவிட்டது. கேட் திறந்திருந்தாலும் இப்போது வாசலிலேயே படுத்திருக்கிறான். பக்கத்து வீட்டு கன்னடக்கார அம்மாவின் ஸ்கூட்டரில் காலைத் தூக்குவதும் குறைந்திருக்கிறது. அவன் ஆண்மைக்காக நான் அத்தனை கவலைப்பட்டேன். அவன் ஒன்றையும் இழந்ததாகத் தெரியவில்லை, சாப்பாட்டுத் தட்டைத்தான் இன்னும் வேகமாகக் காலி செய்கிறான்.

நேற்று நம் மகன் ஜெரோம் தொம்மலூரிலிருந்து போன் செய்தான். மருமகள் பிரியாவுக்கு அடுத்த மாதம் பிரசவம், இரண்டாவது. "அப்பா, டெலிவரியோடயே பிரியாவுக்கு ஆபரேஷனும் பண்ணிடலாம்னு இருக்கேன். அம்மாவும் ஆசைப்பட்டுத்தானே பண்ணிக்கிட்டாங்க?" என்றான்.

பிரியா என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. "ஆமாம்பா" என்றேன். டைகர் காலடியில் படுத்திருக்க, உன் போட்டோவுக்குக் கீழே நின்றுகொண்டு சொன்னேன். போனை வைத்த பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை தொம்மலூர் போகிறேன். ஜெரோமைத் தனியாகக் கூப்பிட மாட்டேன். பிரியாவும் இருக்கும்போதே சொல்வேன்: "அம்மா ஆசைப்பட்டுப் பண்ணிக்கலடா. நான் பயந்தேன். அதனால அவ பண்ணிக்கிட்டா." அவன் என்னைக் கேவலமாகப் பார்ப்பான், பார்க்கட்டும். அதன் பிறகும் அவன் தானே அந்த ஆபரேஷனைச் செய்துகொள்ள டாக்டரிடம் போகத் தயங்கினால், கூடவே போய் வெளியே நான் உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இத்தனை வருஷமாக உன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த
உன் கணவன்,
சாமுவேல்
காக்ஸ் டவுன்