அம்மா ஒட்டிய மூட்டு

அன்புக் குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் முழங்கால்கூட இந்த வாரம் சொன்னபடி கேட்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்க வேண்டும்.

நேற்று போனில் உன் குரலில் சுரத்தே இல்லை. ஒரு பாக்டீரியா தன் எதிரிப் பாக்டீரியாக்களைக் கொல்லச் செய்துகொள்ளும் அந்தச் சின்னப் புரதத்தின் நடுவில் மடங்கும் மூட்டை நீ விறைப்பாக்கிப் பார்த்தாய், அது கிருமியைப் பிடித்ததோடு சரி, ஒன்றைக்கூடக் கொல்லவில்லை, உழைப்பெல்லாம் பாழ், அடுத்த மாதம் உன் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் முன் அதைப் பற்றி மூச்சு விடப் போவதில்லை என்றாய். இனி சிரிக்காமல் படி. அந்தப் புரதத்துக்கு நீ மணி கோத்து ஒரு மாதிரி செய்து கொடுத்தாயே, ஐந்து வளையமும் நடுவில் துவளும் மூன்று மணியுமாக, அதை அம்மா பசை போட்டு ஒட்டிவிட்டாள். கண்ணாடிக் கடையில் லொடலொடக்கும் மூக்குக்கண்ணாடிகளைத் திருகி இறுக்கியே பழகிய கை. "நடுவுல ஒடிஞ்சு தொங்குது, பொண்ணு ஆசையா செஞ்சு குடுத்ததை இப்படியா வச்சிருப்பீங்க, நீங்கல்லாம் ஒரு வாத்தியாரா" என்று எனக்குத் திட்டு வேறு அப்புறம் விழுந்தது.

இது தெரியாமல் இன்று காலை மாடிவீட்டு மருந்துக்கடைக்காரர் உன் படிப்பைப் பற்றிக் கேட்டதும் அதைக் கையில் எடுத்துவிட்டேன். அட்டைப்பெட்டி மூடியில் நானே ஓர் ஓட்டை போட்டு, பக்கத்தில் ஓர் ஊக்கைக் குத்தி, இதுதான் கிருமியின் மேல்தோல், இந்த ஊக்கு அதிலிருக்கும் ஒரு பிடி, தலைப்பக்க வளையங்கள் இதைப் பிடிக்கும், வால் நடுவில் மடங்கி உள்ளே இறங்கும், கிருமி ஓட்டை விழுந்த வாளியாக ஒழுகிப் போகும் என்று அளந்துகொண்டிருந்தேன். தலை பிடித்துக்கொண்டது. வால் குச்சி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்து, "சார், உங்க ஆளு வாசல்லயே கைகுலுக்கிட்டு நிக்கிறாரு, உள்ள போற எண்ணமே இல்ல போல" என்றார். அம்மா திருதிருவென்று விழித்தாள், பிறகு வெந்நீரில் ஊறவைத்துப் பசையைச் சுரண்டித் தந்தாள். இப்போது வால் மடங்கி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. உடனே அம்மா, "பாத்தீங்களா, நான் ஒட்டலைன்னா இந்த மூட்டு எதுக்குன்னு யாருக்காவது புரிஞ்சிருக்குமா" என்றாள். சாக்குத்தான் சொன்னாள், எனக்கோ சுரீரென்று உன் ஞாபகம் வந்தது.

உன் விறைத்த மூலக்கூறும் கிருமியைப் பிடிக்கிறது என்று நீயேதான் சொன்னாய். பிடித்தும் கொல்லவில்லை என்றால், கொல்வதற்கு அந்தத் துவளல் வேண்டும் என்பதற்கு இதைவிட என்னம்மா சாட்சி? அதை மறைக்காதே, தேர்வாளர்கள் முன் முதலில் அதையே எடுத்து வை.

எடுத்ததெல்லாம் துலங்கி நீ நன்றாக இருக்க எங்கள் இருவர் ஆசியும். அன்று வெறும் வயிற்றோடு போகாதே. முடிந்ததும் போன் செய். தேர்ச்சியா என்று நான் கேட்க மாட்டேன், எதை முதலில் சொன்னாய் என்றுதான் கேட்பேன்.

உன் வெற்றியை இப்போதே ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கும்,
அப்பா