காட்டில் வந்த தூக்கம்

என் அன்பானவருக்கு,

நான் நலம். நீங்களும் பாப்பாவும் சௌக்கியமா? உங்கள் முதுகுவலி தேவலையா?

கொஞ்ச நாளாக எனக்குத் தூக்கமே இல்லாமல் இருந்தது. சரியாகிவிட்டதால் இப்போது சொல்கிறேன். போனில் புகார் கேட்கிற வேலை அல்லவா, வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் யாராவது திட்டிக்கொண்டே இருப்பார்கள். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

போன வாரம் அலுவலகத்தில் எங்களைக் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கக் கூட்டிப்போனார்கள். காலையில் காற்றடித்து மேனேஜரின் கூடாரம் அவர்மேலேயே சரிந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன் சார், கொஞ்சம் லைன்ல இருங்க" என்றேன், பழக்கதோஷத்தில். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கூடாரத்துக்குள் அவரும் சிரித்தார்.

பிறகு ஓடையில் காலை நனைத்தபடி பாறையில் சாய்ந்தேன். தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பட்டப்பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டேன். வேலையை விடும் எண்ணமும் போய்விட்டது.

அடுத்த மாதமும் போகிறோம். அங்கே குளிர் அதிகம். நீங்கள் போர்த்திக்கொள்ளும் போர்வையை அனுப்பிவையுங்கள். துவைத்துவிடாதீர்கள்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்களவள்