நான்காம் பக்கத்துத் திருத்தம்

அன்புள்ள பென்சிலுக்கு,

விடுதியில் உனக்கு வைத்த பட்டப்பெயர்தான் இன்னும் வாயில் வருகிறது. நீயும் மகளும் சுகந்தானே? ஆறு வருடமாக என் கடிதங்களுக்கு ஒற்றை வரியில் பதில் போடுகிறாய். இதற்கு அதுகூட வேண்டாம். கடைசி வரை படித்துவிடு, போதும்.

அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்தது. கட்டுப் பிரித்ததும் உன்னைத்தான் விசாரித்தாள்.

போன வாரம் சோதனைக் குழுவினர் வந்து அளவீட்டை அறிவித்தார்கள். கனமான குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் பிணைந்த நிலை எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்ற, நீ அன்று கணக்கிட்ட அதே எண்தான். எங்கள் மாதிரிகள் சொன்னதில் பாதிதான் வந்திருக்கிறது. அவை இரண்டும் உள்ளே ஏறக்குறைய அசையாமல் இருப்பதாக வைத்துக்கொண்டு நாங்கள் கணக்குப் போட்டோம். அவை ஓடுகின்றன, அந்த ஓட்டத்தை ஒதுக்க முடியாது என்று நீ ஒருத்திதான் எழுதினாய். உன் பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் நீ சேர்த்த திருத்தத்தோடு அளவீடு அப்படியே பொருந்துகிறது.

பத்திரிகையைத் தவிர யாருக்கும் காட்டாத கட்டுரை இவளிடம் எப்படி என்று கேட்பாய். பத்திரிகை ஆசிரியர் மதிப்பிடச் சொல்லி எனக்குத்தான் அனுப்பினார். நிராகரிக்கச் சொன்னவள் நான்தான்.

திருத்தமே முதல் விடையில் பாதி இருக்கிறது, இந்த முறையை நம்ப முடியாது என்று மூன்று பத்தி எழுதினேன். கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அப்போது ஆய்வு நிலையத்தின் நிரந்தர வேலைக்கு நம் இரண்டு பெயரும்தான் பட்டியலில் மிஞ்சியிருந்தன. அதை நினைத்து எழுதவில்லை என்று சத்தியம் செய்ய வாய் வரவில்லை.

பத்திரிகையின் பதில் வந்த அன்று நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒரு வரிகூடப் போட்டுப் பாக்காம எழுதியிருக்கான்டி. எவன்டி அந்த மகராசன்?" என்றாய். "விடுடி, யாரோ ஒரு கிழம்" என்றேன். என் மடியில் படுத்து அழுதாய். நான் தலையைக் கோதிவிட்டேன். அந்தக் கையை என்ன செய்வதென்று இந்த வாரம் முழுக்கத் தெரியவில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. நீ காப்பீட்டு அலுவலகத்தில் யார் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போடப் போனாய்.

அந்தத் திருத்தத்தைச் சேர்த்து உடனே கட்டுரை எழுதும்படி இயக்குநர் சொன்னார். அது என் தோழியின் கணக்கு, தடுத்தவள் நான் என்று கூட்டத்திலேயே சொன்னேன். பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பழசை எதுக்கும்மா கிளறுறீங்க? மதிப்பீட்டாளர் பேரு ரகசியமாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பத்திரிகைக்கும் எழுதிவிட்டேன். நீ அன்று அனுப்பிய தேதியைக் குறிப்பிட்டு, உன் பெயரில் மட்டும் வெளியிட ஒப்புக்கொண்டார்கள். அதற்கான தாள் இதோடு இருக்கிறது.

போன வருடங்கள் இதனால் திரும்பாது. மன்னிப்புக் கேட்கவும் இதை எழுதவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாய், உன் குணம் அப்படி. கொடுக்காதே. கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு.

உன் மகள் கணக்கில் கெட்டி என்று உன் அக்கா சொன்னாள். அவளுக்கு நல்ல தோழிகள் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே அறையில் இருந்தவள்