காரில் காய்ந்த பாலிஷ்

ஐப்பசிக் கடைசி ஞாயிறு

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். பொழுது போகாமல் காலையில் காருக்குப் பாலிஷ் போட்டேன். வெயிலில் விட்டதால் காய்ந்து வெள்ளையாகப் படிந்துவிட்டது. லேசில் வரவில்லை.

பக்கத்து வீட்டு வேலு எட்டிப் பார்த்தான். "மிஷின் தாரேன் அண்ணாச்சி. அஞ்சு நிமிசத்துல எடுத்துரலாம். எதுக்குக் கையால கெடந்து தேய்க்கீக?"

"மிஷின்னா பொறி பறக்கும்லே. கையே போதும்" என்றேன்.

"வீட்டுலயும் கம்பெனி நெனப்புதானா?" என்று சிரித்தபடி போனான்.

வீட்டு வாசலில் ஏது வெடிமருந்து? ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மனைவி தவறிப்போன பிறகு ஆளரவமில்லாத இந்த வீட்டுக்குள் வந்து என்ன செய்ய?

சாயங்காலம் வரை தேய்த்தேன். அவள் உட்காரும் பக்கத்துக் கதவை மட்டும் துடைக்காமல் விட்டிருக்கிறேன். நாளைக்கும் கம்பெனி கிடையாது.