கன்று வீசிய பசுவைப் பற்றி லிங்கராஜுக்கு

போனக்காடு

அன்பு மகன் லிங்கராஜுக்கு அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்த வெயிலில் சுகமாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், உன் பெண்டாட்டியிடம் அப்படித்தான் வைத்தாய், அதனால் எழுதி, நாளை சார்ஜாவுக்குத் திரும்பும் ரெனி கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஐந்து மாத வயிற்றோடு கொழுந்து கிள்ளப் போய்ச் சறுக்கி விழுந்து ஷில்பா பிள்ளையை இழந்தாள் என்று நினைத்து, பன்னிரண்டு நாளாக அவளோடு பேசாமல் இருக்கிறாய். அவள் விழவே இல்லையப்பா. மாசியில் நம் செவலைப் பசு ஏழாம் மாதத்திலேயே கன்றை வீசிவிட்டது. கன்று செத்து விழுந்தது, அதோடு வர வேண்டிய இளங்கொடி பாதி வந்து நின்றுவிட்டது. வித்துரா மாட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்க வேண்டும். கன்று வீசிய மாடு என்று தெரிந்தால் லயத்து வீடுகளில் யாரும் பால் வாங்கமாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் கைதான் சிறியது என்று ஷில்பாவைக் கூப்பிட்டு வெறும் கையால் இழுக்கச் சொன்னேன். அப்போது அவளுக்கு மூன்று மாதம், வாந்தியை அடக்கிக்கொண்டு செய்தாள். இளங்கொடியை நாய் தின்றால் மடி வற்றிவிடும் என்று, அதைச் சாக்கில் கட்டிப் பலா மரத்தில் தொங்கவிடவும் அவளையே அனுப்பினேன். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது, இடுப்பு வலி வேறு. மசக்கை என்று சொல்லிவிட்டேன். பிள்ளை போன பிறகு திருவனந்தபுரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, வீட்டில் மாடு கன்று வீசியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாட்டின் நோய் இவளுக்குத் தொற்றித்தான் பிள்ளை போனதாம். ஆறு வாரம் மாத்திரை. பசுவுக்கும் அதே நோய்தான், தனியாகக் கட்டியிருக்கிறோம், பாலைக் கொட்டிவிடுகிறோம். நான்தான் கொன்றேன் லிங்கம்.

நீ போனில் துருவித் துருவிக் கேட்டபோது விழுந்தேன் என்று சொன்னவள் அவள்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அத்தே, பிள்ளை போச்சு. இனி அவருக்கு அம்மையும் இல்லாமப் போகண்டாம்" என்றாள்.

உனக்கு ஒரு குறையும் வராமல் தெய்வம் காக்கட்டும். என்னை அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. முதலில் அவளுக்குப் போன் செய். மூன்று நாளாக மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் வைக்கிறாள். நான் சொல்லிக் கேட்கவில்லை, நீ சொன்னால் விழுங்குவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா மாடம்மாள்